திருகினால் பகல், விட்டால் இருட்டு

ரொட்டியக்கா மொபெட் ஓட்டும் வேகத்தைப் பற்றி ஊருக்குள் ஏகப்பட்ட கேலி உண்டு. சைக்கிளில் போகிறவர்கள் மணி அடித்து அவளை முந்துவார்கள். நடந்து போகிறவர்கள் நலம் விசாரித்துக்கொண்டே கூட வருவார்கள். அக்கா எதற்கும் அசரமாட்டாள். பின்னால் அடுக்கிக் கட்டியிருக்கும் தட்டுகளில் ரொட்டியும் பன்னும் இருக்கின்றன. வண்டி ஒரு பள்ளத்தில் தூக்கிப் போட்டால் போதும், எல்லாம் சப்பையாகிவிடும். சப்பை ரொட்டியை எந்தக் கடைக்காரர் வாங்குவார்? கேலி செய்கிறவர்களா வாங்கப்போகிறார்கள்?

விடியுமுன் பேக்கரியில் சரக்கை ஏற்றிக்கொண்டு டீக்கடை, பெட்டிக்கடை, ஆஸ்பத்திரி கேன்டீன் என்று வரிசையாக இறக்குவது அவள் வேலை. அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். ஊரே இழுத்துப் போர்த்தித் தூங்கும் நேரத்தில், சூடான ரொட்டி வாசனையோடு தெருவெல்லாம் தனக்கே சொந்தம் என்று போகிற சுகம் வேறு யாருக்குக் கிடைக்கும் என்பாள். அவள் கணவர் டெய்லர். வீட்டோடு இருந்து அவருக்குப் பட்டன் தைத்துக் கொடு என்று சொன்னால் அன்றைக்கு முழுக்க அவள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

வினை வாய்க்கால் வளைவில் வந்தது. அங்கே தெருவிளக்கு கிடையாது. மொபெட்டின் விளக்கோ பேருக்குத்தான் விளக்கு. அதன் வெளிச்சத்தில் முன் சக்கரம் தெரிந்தாலே பெரிய காரியம். ஒரு நாள் ரோடு எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வண்டியோடு சேற்றில் இறங்கிவிட்டாள். அவளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்போடு போயிற்று. ரொட்டிகள் மிதந்து ஊரைத் தாண்டிப் போய்விட்டன.

பேக்கரி முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் பயந்த சுபாவம்.

"ஏம்மா, உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது? வர்ற வாரத்துலருந்து வேனை அனுப்பிடுறேன்."

"வெளிச்சம் இல்லாததுதான மொதலாளி பிரச்சனை? நான் வெளிச்சத்தோட வரேன்."

"சரி, வந்து காட்டு. சனிக்கிழமை நானே வேனை எடுத்துக்கிட்டு உன் பின்னாடி வரேன். பாத்துட்டுச் சொல்றேன்."

அந்த வேன் மாவு மூட்டை ஏற்றுவது. இடது பக்க விளக்கு செத்து வெகுகாலம் ஆகிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை. அக்கா வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினாள்.

"ஒத்தக் கண்ணு வேனுக்கு வேலை. ரெண்டு கண்ணும் நல்லா இருக்கற எனக்கு வேலை இல்லையாம்! கேட்டீங்களா நியாயத்த?"

டெய்லருக்கு மனைவி வாடினால் தாங்காது. ஊசியில் நூல் கோக்கக்கூட அவளைக் கூப்பிடுகிற மனிதர், "பல்புதான? நான் மாத்தித் தரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஸ்பேர்ஸ் கடைக்காரர் என்ன வண்டி என்று கேட்டதற்கு, "எதுவா இருந்தா என்னங்க, இருக்கறதுலயே பெருசாக் குடுங்க" என்றாராம். துணி எடுத்தால் எதற்கும் கொஞ்சம் கூடவே எடுக்கிற பழக்கம்.

சாயங்காலம் வெட்டும் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மொபெட்டைத் தையல் அறைக்குள்ளேயே ஏற்றிவிட்டார்கள். விளக்கு வளையத்தின் அடியில் ஒரே ஒரு திருகு. துருப்பிடித்துப்போயிருந்த அதைத் தையல் மெஷின் எண்ணெய் விட்டுக் கழற்றினார். கண்ணாடி கையோடு வந்தது. பின்னாலிருந்த பழைய பல்பை அமுக்கித் திருப்பி எடுத்தார். புது பல்பில் விரல் படக்கூடாது என்று ஒரு வெட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு, குழந்தைக்குத் தொப்பி போடுவதுபோல மாட்டினார். அக்கா கதவைச் சாத்தினாள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை ஒரே திருகாகத் திருகினாள்.

அறை பட்டப்பகலாகிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த அளவு நாடாவின் எண்களைப் படிக்க முடிந்தது. தரையில் என்றைக்கோ தொலைந்த ஊசி மினுங்கியது.

"எப்படி?" என்று டெய்லர் இடுப்பில் கை வைத்து நின்றார். அக்காவுக்கு அவரைத் தூக்கிச் சுற்றலாம்போல இருந்தது.

மறுநாள் விடியுமுன் அந்த ஆசையெல்லாம் போய்விட்டது. அவள் வழக்கமான வேகத்தில் போனால் புது பல்பு அணையப்போகும் கங்கு மாதிரி சிவந்து கிடந்தது. பழையதே இதற்குத் தேவலை. ஆக்சிலேட்டரைத் திருகினால் பகல், விட்டால் இருட்டு. வாய்க்கால் வளைவில் யாராவது திருகுவார்களா? இறங்கி, காலால் தடவித் தடவி, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்தாள். வாய் சும்மா இல்லை. டெய்லரைத் திட்டிக்கொண்டே வந்தது. பாதி வழியில் அவளுக்கே ஒன்று உறைத்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள்: "ஏங்க, நேத்து சுவத்துல வெளிச்சம் அடிச்சுப் பாத்தப்ப நான் ஆக்சிலேட்டர எவ்வளவு திருகினேன்?"

"முழுசா."

"என் ஆயுசுல நான் எப்பங்க அத முழுசாத் திருகியிருக்கேன்?"

டெய்லர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

இந்த முறை அவளே கடைக்குப் போனாள், அவரையும் கூட்டிக்கொண்டு. கடைக்காரர் விளக்கினார்: "வண்டியில பேட்டரி கெடையாதுக்கா. இன்ஜின் சுத்துற அளவுக்குத்தான் கரென்ட்டு. மெதுவாப் போனா அந்தப் பெரிய பல்புக்குப் பத்தாது. பேட்டரி இல்லாத வண்டிக்குன்னே எல்.இ.டி. இருக்கு. கொஞ்சமாச் சாப்பிடும், நல்லா எரியும்."

"மொதல்லயே இதக் குடுத்திருக்கலாமே?" என்றார் டெய்லர்.

"நீங்க பெருசு கேட்டீங்க, பெருசு குடுத்தேன்."

எல்.இ.டி.யை வாங்கிவந்து மாட்டியபின், இரண்டாவது சோதனையை அவர்கள் அறைக்குள் வைத்துக்கொள்ளவில்லை. இருட்டியதும் தெருவுக்கு வந்தார்கள். எதிர் மதில்சுவரில் டெய்லர் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்; எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தாமல் வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழேயே விழும்படி விளக்கைக் குனிய வைத்தார். காலி தட்டுகளைக் கட்டிக்கொண்டு அக்கா தன் பேர்போன வேகத்தில் தெருவைச் சுற்றினாள். அவர் கூடவே நடந்தார். ஓடவேண்டிய அவசியமே வரவில்லை. விளக்கு லேசாகத் துடித்தாலும் வெள்ளைவெளேரென்று நின்றது.

சனிக்கிழமை வந்தது. முன்னால் மொபெட், பின்னால் வேன். முதலாளி பார்க்கிறாரே என்று அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். வாய்க்கால் வளைவுக்கு வந்தாள். ரோட்டின் ஓரம், ஓரத்துப் புல், புல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீர், எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. பாதி வளைந்திருப்பாள், பின்னாலிருந்து ஹாரன் சத்தம். போச்சு, ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று வண்டியை நிறுத்தினாள்.

வேன் வளைவுக்கு முன்னாலேயே நின்றிருந்தது. முதலாளி தலையை வெளியே நீட்டினார்.

"எடது பக்கம் ஓரமே தெரியலம்மா. வாய்க்கால் வேற அந்தப் பக்கம். நீ முன்னாடி மெதுவாப் போ, உன் வெளிச்சத்தப் புடிச்சுக்கிட்டே நான் வந்துடறேன்."

"மெதுவாத்தான மொதலாளி? அது எனக்கு நல்லா வரும்."

அவள் போனாள். அத்தனை பெரிய வேன் அவள் பின்னால் பூனை மாதிரி பதுங்கி வந்தது. அக்காவின் முகம் முழுக்கச் சிரிப்பு. இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது என்று அதை அடக்கக்கூட இல்லை.

கடைசிக் கடையில் ரொட்டியை இறக்கும்போது முதலாளி தலையைச் சொறிந்தார். "ரொட்டி லைன் உன்னோடதுதாம்மா. வேன் மாவு மூட்டையே தூக்கட்டும். அந்த பல்ப யாரு மாட்டுனா?"

"எங்க வீட்டுக்காரர்."

"அப்ப இந்த வேனையும் ஒரு கை பாக்கச் சொல்லு."

வீட்டுக்கு வந்து அவள் செய்தியைச் சொல்லி முடிக்குமுன் டெய்லர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டார். வாசல்வரை போனவர் சட்டென்று நின்றார்.

"அந்த வேனுக்கு பேட்டரி இருக்கான்னு மொதல்ல கேட்டுட்டு வா."