நான் சொல்லிவிட்ட பெயர்

ஒரு கட்டுரைக்காக இருபத்திரண்டு நாள் சிறையில் இருந்தேன். கிணத்துக்கடவுக்கு அந்தப் பக்கம் ஒரு நூற்பாலை விடுதியில், வேலைக்கு வந்த பெண்களை வெளியே விடாமல் பூட்டி வைத்திருந்தார்கள். காய்ச்சலில் கிடந்த ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே மூன்று நாளானது. அதை எழுதினேன். பொய்ச் செய்தி பரப்பிக் கலவரம் தூண்டியதாக வழக்குப் போட்டார்கள்.

விஷயத்தை எனக்குச் சொன்னவர் விடுதியில் சமைத்துக்கொண்டிருந்த அக்கா. ஐம்பது வயதிருக்கும். காய் வாங்கச் சந்தைக்கு வரும்போது பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுவார். பூட்டிய கதவைப் போனில் படம் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

"எம் பேரு மட்டும் வெளிய வரக்கூடாதுங்க அம்மணி" என்பார் ஒவ்வொரு முறையும்.

"வராதுங்கக்கா" என்பேன் நானும்.

விசாரணையில் என்னை யாரும் அடிக்கவில்லை. குரல்கூட உயரவில்லை. அதிகாரி மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். டீ வரவழைத்தார். "ஏனுங்க, படம் ஆரு குடுத்தாங்கன்னு சொல்லிப்போட்டீங்கன்னா இப்பவே ஊட்டுக்குப் போயிரலாம். பாப்பாவுக்குப் பரீட்சை நடக்குதாமே?" என்றார். காலையிலிருந்து அங்கே உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி நேரம்தான். சொல்லிவிட்டேன். பெயரோடு நிற்கவில்லை. அவர் கேட்காமலே ஊரையும் தெருவையும் சொன்னேன். நான் சொன்னதை எழுதி முடித்துவிட்டு என்னை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். சாயங்காலம் சிறைக்குள் இருந்தேன்.

உள்ளே எனக்குப் 'பேப்பர்காரம்மா' என்று பெயர். மனு எழுதித் தரச் சொல்லிப் பெண்கள் வருவார்கள். பக்கத்துப் பாயில் படுத்த காரமடைக்காரி ஒருத்தி, குழாயடியில் துணி அலசிக்கொண்டே ஒருநாள் கேட்டாள்: "எத்தன கேட்டும் நீங்க ஆரையும் காட்டிக் குடுக்கலியாமா, நெசமுங்களா?"

தலையசைத்தேன். அன்று முதல் அவள் என் தட்டையும் சேர்த்துக் கழுவினாள். நான் தடுக்கவில்லை.

ஜாமீனில் வந்ததும் கோவையில் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். கடைசி வரை வாய் திறக்காத பெண் என்று ஒருவர் பேச, மண்டபமே கைதட்டியது. முதல் வரிசையில் என் மகளும் தட்டினாள். மைக் என் கைக்கு வந்தபோது நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அக்காவை வேலையைவிட்டு எடுத்திருந்தார்கள். வீட்டு வாசலில் மில் ஆட்கள் வந்து நின்று சத்தம் போட, ஊரையே விட்டுப் போய்விட்டாராம். தாராபுரத்தில் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறார் என்று தெரிந்த பிறகும் அங்கே போக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "வாங்க அம்மணி, உள்ள என்ன பாடுபட்டீங்களோ! எளச்சுப் போயிட்டீங்க."

"அக்கா, உங்க பேரச் சொன்னது நான்தானுங்க."

மெதுவாகக் கேட்டார். "அடிச்சாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்னைக் கட்டிக்கொண்டிருப்பார். அந்த முகத்தில் அதற்கான இடம் இருந்தது.

"இல்லீங்க. யாரும் தொடக்கூட இல்லீங்க."

"அப்புறம் ஏனுங்க சொன்னீங்க?"

அவர் திரும்பிப் போய் அடுப்பைத் தணித்தார். "சோத்துக்கு ஆளுக வர்ற நேரமுங்க. நீங்க கெளம்புங்க." அப்போதும் மரியாதை குறையவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "அன்னிக்கு மைக்குல ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். அதன்பின் கூட்டத்துக்கு அழைத்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னேன். ஒருவர், "அதெல்லாம் இப்ப எதுக்குங்க?" என்றார். மற்றவர்கள் திரும்ப அழைக்கவில்லை.

போன வாய்தாவுக்கு நீதிமன்றம் போனபோது அக்கா வராந்தாவில் நின்றிருந்தார். நான் வரச் சொல்லவில்லை. என் வக்கீலும் சொல்லவில்லை. நேரே வக்கீலிடம் போனார்.

"படம் எடுத்தது நாந்தானுங்க. அத்தனையும் நெசமுன்னு எங்க வேணும்னாலும் சொல்றேன். அந்தப் புள்ளைக இன்னும் விடுதிக்குள்ளதான் இருக்குதுங்க."

நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். அக்கா என்னைத் தாண்டிப் போய், சுவரோரம் கிடந்த இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்தார். வழக்கை அழைக்கும் வரை இருவரும் அப்படியே இருந்தோம். அவர் உட்கார்ந்தபடி, நான் நின்றபடி.