இடது கையால் சாப்பிட்ட சிஸ்டர்

செய்தி வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போனை நான்தான் எடுத்தேன். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் கஸ்தூரி அக்கா பேசினார்.

"பாப்பா, நம்ம பிலோமினா சிஸ்டர் போயிடுச்சும்மா. டூட்டிக்குக் கெளம்பிக்கினு இருந்துச்சாம். நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துச்சாம். அவ்ளோதான்."

நான் சொன்னதும் அடுப்படியில் இருந்த அம்மா அழ ஆரம்பித்தார். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். "பாதில எழுந்தா அந்தம்மா திட்டும்" என்று சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த அவ்வளவையும் சாப்பிட்டு முடித்தார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

சிஸ்டருக்காக மண்ணூர் மாதா கோயிலில் நடந்த முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், அவருடைய மகள் எல்லோரையும் பார்த்து, "அம்மாவைப் பத்தி யாராவது நாலு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டார். பலர் பேசினார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. கூப்பிட்டுவிடுவார்களோ என்று தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். சிஸ்டரோடு வேலை செய்தவர்களும், அவர் கையால் கட்டுப் போட்டுக்கொண்டவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நாங்கள் பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிறோம். அப்பா ஒரகடம் பக்கம் ஒரு சிறிய கம்பெனியில் தகடு அழுத்தும் மிஷினில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த மிஷினில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. கட்டை விரல் தவிர மற்ற விரல்கள் போய்விட்டன. அப்பாவால் வேலைக்குப் போக முடியாததால் அம்மா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சேர்ந்தார். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். பகலில் அப்பாவோடு இருக்க ஆள் இல்லை. அப்போது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அதோடு பள்ளிக்கூடம் நின்றது.

அப்பாவைச் சேர்த்திருந்த மருத்துவமனை வார்டில் கட்டுப் போடும் நர்ஸ்தான் பிலோமினா சிஸ்டர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கட்டைப் பிரிப்பதற்கு முன்னால், யாராக இருந்தாலும், "நேத்து வூட்ல இன்னா கொழம்பு?" என்று கேட்பார். காயத்தில் ஒட்டிய துணியை எடுக்கும்போது உயிர் போகும். ஆனால் அவர் விடமாட்டார். "மீன் கொழம்பா? இன்னா மீனு? புளி ஜாஸ்தியா?" என்று கேட்டுக்கொண்டே உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றித் துணியைக் கழற்றுவார். பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து படுத்திருந்த லோடு ஆட்டோ டிரைவர் அண்ணன், தன் மனைவி வைத்த சாம்பாரைத் திட்டிக்கொண்டிருந்தபோதே அவருக்குக் கட்டுப் போட்டு முடித்துவிட்டார். "வலியே தெரியல சிஸ்டர்" என்றார் அவர். "வலி தெரியல, ஆனா உன் பொண்டாட்டி மானம் போச்சு" என்றார் சிஸ்டர்.

அப்பாவிடம் மட்டும் இந்தக் கேள்வி பலிக்கவில்லை. "தெரியல" என்பார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். தன் கையை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

காயம் ஆறவில்லை. இப்படியே போனால் மணிக்கட்டு வரை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னார். "நல்லா சாப்பிடுறாரா?" என்று கேட்டார். அம்மா உடனே, "நல்லா சாப்பிடுறாரு டாக்டர்" என்றார். புருஷனுக்குச் சரியாகச் சோறு போடவில்லை என்று டாக்டர் நினைத்துவிடுவாரோ என்ற பயம். எங்கள் வீட்டில் வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் சிஸ்டர் வழக்கம்போலக் குழம்பைப் பற்றிக் கேட்டார். அப்பா வழக்கம்போலத் தெரியல என்றார். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு கண்ணு. இன்னா கொழம்பு?"

அதுவரை நான் அவரிடம் பேசியதில்லை. கேட்டால் தலையாட்டுவேன். அன்று எப்படியோ பேச்சு வந்தது.

"காராமணிக் கொழம்பு. அப்பா சாப்புடல. பகல்ல ஒன்னுமே சாப்புடறது இல்ல. டீ மட்டும்தான்."

உண்மை அதுதான். சாயங்காலம் அம்மா வந்து ஊட்டினால் நாலு வாய் வாங்கிக்கொள்வார். பகலில் நான் ஊட்டப் போனால், "வயசுப் பொண்ணு, போ அந்தாண்ட" என்பார். இடது கையால் சாப்பிடச் சொன்னால் தட்டைத் தள்ளிவிடுவார். பின்னால் கழுவுகிற கையால் சோறு தின்பதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்பது அவருடைய எண்ணம். டிரைவர் அண்ணன் ஸ்பூன் தந்தபோது, "ஸ்பூன்ல துன்ன நான் இன்னா பேஷண்ட்டா?" என்று கேட்டார். "பின்ன இன்னா, மாப்பிள்ளையா?" என்று அண்ணன் சிரித்தார். அப்பா ஸ்பூனைத் தொடவில்லை.

நான் சொன்னதைக் கேட்டுச் சிஸ்டர் கோபப்படவில்லை. கட்டுப் போட்டு முடித்துவிட்டுப் போனார். மதியம் கையில் டிபன் பாக்ஸோடு வந்து, "வாண்ணா, வெளியே காத்தாட உக்காரலாம்" என்று அப்பாவை வராந்தா பெஞ்சுக்கு அழைத்துப் போனார். எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்தார். ரசம் சோறும் ஒரு அவித்த முட்டையும் இருந்தன. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் பிசைய ஆரம்பித்தார்.

அவருக்கு வரவே இல்லை. பாதிச் சோறு வெள்ளைக் கோட்டில் விழுந்தது. ஒரு பருக்கை மூக்கில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் போன இன்னொரு சிஸ்டர் நின்று, "இன்னா சிஸ்டர், அந்தக் கைக்கு மாறிட்டீங்க?" என்று கேட்டார். "கட்சி மாறிட்டேன்டி, போ" என்றார்.

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, உனக்கு அசிங்கமா இல்ல?" என்றார்.

சிஸ்டர் தன் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினார். "இந்தா, இது சோத்துக் கை. நாள் பூரா இதாலதான் ஊர்ல இருக்கறவன் சீழெல்லாம் தொடைக்கறேன். இது பீச்சாங் கை. சும்மா கீது. இப்ப நீ சொல்லு, இதுல எது அசிங்கம்?"

அப்பா அன்றைக்கும் சாப்பிடவில்லை. மறுநாளும் சிஸ்டர் வந்தார், அதற்கு அடுத்த நாளும் வந்தார். நான் சிஸ்டருக்கு இட்லி வாங்கி வந்து வைத்தால், "இட்லி ஏமாத்து வேலை. சோறு பெசையணும்" என்று தள்ளிவிடுவார். ஆனால் நாளாக நாளாக அவர் கோட்டில் விழும் சோறு குறைந்தது. அப்பா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் சிஸ்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "தட்ட இங்க குடு" என்று அப்பா என்னிடம் சொன்னார். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு இடது கையைச் சோற்றில் வைத்தார். சிஸ்டர் பாராட்டவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உப்பு கம்மியா கீது இன்னிக்கு" என்று தன் டப்பாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் அப்பா டம்ளரைத் தேடினார். எல்லோருக்கும் வைப்பதுபோல நான் அதை இடது பக்கம் வைத்திருந்தேன். சிஸ்டர் எழுந்து வந்து அதை எடுத்து வலது பக்கம் வைத்தார்.

"கட்டை விரல் இருக்குல்ல? காயம் ஆறட்டும். டம்ளர் தூக்கறது அதோட வேலை. அதுக்கும் ஒரு வேலை குடுக்கணும் கண்ணு."

காயம் ஆறியது. மணிக்கட்டைத் தொட வேண்டியிருக்கவில்லை. அப்பா முதல் தடவையாகத் தன் கையைப் பார்த்தது, கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு டம்ளரைப் பிடித்துத் தூக்கிய அன்றுதான்.

வீட்டுக்கு வந்த பிறகும் கட்டு மாற்றப் போய்க்கொண்டிருந்தோம். வெளியே பெரிய வரிசை நிற்கும். பேரைச் சொல்லி உள்ளே கூப்பிடும் வேலையைச் சிஸ்டர் எனக்குக் கொடுத்தார். என் குரல் கதவைத் தாண்டாது. "கத்த வேணாம். கத்தினா பயந்துடுவாங்க. கிட்ட போயி முழங்கையைத் தொட்டுக் கூப்புடு" என்றார். அப்படித்தான் கூப்பிட்டேன். ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். சிஸ்டர் கேட்டதில்லை.

ஆனாலும் அப்பா வீட்டுக்குள் மட்டும்தான் இடது கையால் சாப்பிட்டார். கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும் தலையைக் காட்டிவிட்டு, "வூட்ல வேலை கீது" என்று பந்திக்கு முன்பே வந்துவிடுவார். சிஸ்டர் இதைக் கேள்விப்பட்டு, "பந்தியில உக்காந்தாதான் நீ என் பேஷண்ட்டு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவர் இருந்தவரை அப்பா எங்கேயும் உட்காரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, கோயில் பக்கத்துக் கொட்டகையில் இலை போட்டார்கள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா கெஞ்சிப் பார்த்தார். நான் கிட்டே போய் அப்பாவின் முழங்கையைத் தொட்டேன்.

"வாப்பா. சிஸ்டர் வூட்டுச் சோறு."

என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். யார் கையிலும் இடிக்காமல் இருக்க, வரிசையின் இடது கடைசியில் அவரை உட்கார வைத்தேன். டம்ளரை எடுத்து இலைக்கு வலது பக்கம் வைத்தேன். எதிர் வரிசையில் ஒருவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அப்பாவின் காது சிவந்தது. ஆனால் எழவில்லை.

பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தவர் சிஸ்டரின் கணவர். அப்பாவின் இலைக்கு முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்கதானா அது?" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை.

"ஒரு மாசம் வூட்ல இந்தக் கையாலதான் துன்னுச்சு. கீழல்லாம் சோறு. இன்னாடி, பைத்தியமா புடிச்சிடுச்சின்னு நான் திட்டிக்கினே இருப்பேன். 'ஒருத்தருக்குச் சொல்லித் தரணும்யா, நான் தப்புத் தப்பா பண்ணா அவரு எப்படிக் கத்துக்குவாரு'ன்னு சொல்லும். யாருன்னு பேரு சொல்லல."

அப்பாவின் இலையில் இரண்டு கரண்டி பாயசம் ஊற்றினார். அப்பா வலது கையின் கட்டை விரலால் டம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். பிறகு இடது கையால் பாயசத்தை இலையில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டார்.

சிஸ்டரின் போட்டோ எங்கள் வீட்டில் இல்லை. தினமும் அப்பாவுக்குத் தட்டு வைத்ததும் டம்ளரை எடுத்து வலது பக்கம் வைக்கிறேன். எனக்கு மிஞ்சிய சிஸ்டர் அதுதான்.