சாம்பியன் ரீப்ஸில் சனிக்கிழமைக் கொலை

துப்பறிவாளன் வேலையில் கொலைகாரனைக் கண்டுபிடிப்பது சுலபம்; ஏப்ரல் வெயிலில் கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

விடியற்காலை ரயிலில் ஒற்றைக் காலில் தொங்கி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் சக பாவிகளே, நானும் பதினெட்டு வருஷம் உங்களோடு தொங்கியவன்தான். போன வருஷம் அதை உதறிவிட்டேன். எங்கள் சாம்பியன் ரீப்ஸில் வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களா ஒன்றை, ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர் ரெஜினா அக்கா வாடகைக்கு எடுத்து, விக்டோரியா மகாராணி காலத்துக் கொலை ஒன்றை சனிக்கிழமைதோறும் நடத்துகிறார். பெங்களூர்க்காரர்கள் வந்து அறை அறையாகத் துப்புத் தேடுவார்கள். நான் லண்டன் துப்பறிவாளன். கொலையான பிரபு, எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த முனுசாமி அண்ணன். நெஞ்சில் தக்காளி சாஸோடு சோபாவில் கிடப்பார்.

என் மனைவி ஸ்டெல்லா ஆறு மாதம் கெடு கொடுத்திருந்தாள். அதற்குள் வாராவாரம் கூட்டம் வராவிட்டால் மறுபடி ரயில். இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்ததால், காலண்டரில் சனிக்கிழமைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பூதக்கண்ணாடி

முதல் நாள் ஒரு அம்மாவின் செருப்பைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஒரே சேறு. விடுவேனா? "தாங்கள் பேத்தமங்களா ஏரிக்கரையில் இறங்கி நடந்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள்!" என்று அடித்துவிட்டேன். கூட்டம் வாயைப் பிளந்தது.

அந்த அம்மா செருப்பைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இல்ல சார், உங்க கேட்டுகிட்ட பைப்பு உடைஞ்சு ஓடுது. முதல்ல அதைக் கண்டுபிடிங்க."

சாவு வீட்டுக் காபி

ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் முனுசாமி அண்ணனுக்குப் பக்கத்து வீடு கனகம்மா. ஒருநாள் பங்களா வழியாகப் போனவள் ஜன்னலில் எட்டிப் பார்த்திருக்கிறாள். அண்ணன் மல்லாந்து கிடக்கிறார். சுற்றிலும் பத்துப் பேர் தலைகுனிந்து நிற்கிறார்கள். அவர்கள் கம்பளத்தில் துப்புத் தேடுவது அவளுக்கு எப்படித் தெரியும்?

சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கம்தான் காபி கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அரை மணியில் ஒரு தூக்கு நிறையக் காபி, ஒரு ரோஜா மாலை, நாலு பெண்களோடு வந்துவிட்டாள். துப்புத் தேட வந்த பெங்களூர்க்காரர்கள் இதுவும் நாடகம் என்று நினைத்து, காபியை ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தார்கள். கனகம்மா மாலையைப் போட்டு, "எங்கண்ணா!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். பிணம் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "எனக்கு ஒரு டம்ளர் வெய்யி, கனகம்மா" என்றது.

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "மாலை நாளைக்கு வரிக்கும் வாடாதுண்ணா, அதுக்குள்ள நிசமாப் போறதுன்னா சொல்லி அனுப்பு."

பன்னிரண்டாவது டோக்கன்

கெடு முடிய ஒரே ஒரு சனிக்கிழமை பாக்கி. அன்றைக்குப் பார்த்து ஒரு பெங்களூர்க் கம்பெனியின் மேனேஜர் ரூபா மேடம், பதினோரு பேரோடு வந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் வாராவாரம் அங்கிருந்து ஆள் வரும். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை எனக்கு ரயில்.

சுரங்கத்துக்குள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கும்போது ஆளுக்கொரு பித்தளை டோக்கன் கொடுப்பார்கள். மேலே வந்ததும் அது பலகைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அந்தப் பலகையைப் பார்த்துக்கொள்வதுதான் முனுசாமி அண்ணனின் பழைய வேலை. ரெஜினா அக்கா அதையே எங்கள் நுழைவுச் சீட்டாக வைத்திருந்தார். துப்புத் தேடி முடித்தவர்கள் டோக்கனைச் சோபாவுக்கு எதிரேயுள்ள பலகையில் மாட்டிவிட்டு உட்கார வேண்டும்.

தகரத்தைத் தட்டி இடி முழக்கினோம். நான் மீசையை முறுக்கி, "கொலைகாரன் இந்த அறையில்தான்..." என்று ஆரம்பித்தேன். பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"நிறுத்துப்பா. பதினொண்ணுதான் மாட்டிக்கீது. ஒரு ஆள் உள்ள கீறாங்க."

"படுங்கண்ணே, மானம் போகுது" என்றேன்.

"ஆள் வராம இன்னாபா ஷிப்டை முடிக்கிறது?" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தார். எண்ணிப் பார்த்தால், இல்லாதது ரூபா மேடம்! அவருடைய ஆட்கள் யாரும் கவனிக்கவில்லை; கவனித்தவர்களும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

பின்கட்டு ஸ்டோர் ரூமில் துப்புத் தேடப் போனவருக்கு வெளித் தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது. கதவைத் தட்டியிருக்கிறார், எங்கள் இடியில் யார் காதிலும் விழவில்லை. தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தார். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். முனுசாமி அண்ணனோ அவரிடம் டோக்கனை வாங்கி, பன்னிரண்டாவது ஆணியில் மாட்டி, ஒருமுறை எண்ணிச் சரிபார்த்துவிட்டு, போய் மறுபடி செத்துப்போனார்.

ரூபா மேடம் ஒட்டடையைத் தட்டிக்கொண்டே, சோபாவைக் காட்டி ரெஜினா அக்காவிடம் சொன்னார்: "துப்பறியறவர் பேசிட்டே இருந்தார், செத்தவர்தான் என்னைத் தேடிட்டு வந்தார். வாராவாரம் எங்க ஆளுங்களை அனுப்பறேன், ஆனா பிணம் இவரேதான் இருக்கணும்."

ஆக, லண்டன் மூளை என்று நான் எவ்வளவு அலட்டிக்கொண்டாலும், எண்ணத் தெரிந்த ஒரு பிணம் சோபாவில் இருக்கிறவரைக்கும்தான் எனக்கு ரயில் ஏறுகிற வேலை இல்லை.