அஞ்சாந்தேதி

எனக்கு எட்டு வயது நடந்தபோது நான் ஒரு தீர்க்கதரிசனம் சொன்னேன். அது பலித்தும் விட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ சொல்லிப் பார்த்திருக்கிறேன், பரீட்சையில் என்ன கேள்வி வரும் என்பது உட்பட. ஒன்றும் பலித்ததில்லை.

எங்கள் ஊர் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து தெற்கே இறங்கினால் கடலோரத்தில் இருக்கிறது. ஐம்பது வீடுகள், ஓர் அந்தோணியார் கோவில். அய்யா அங்கேயே பிறந்து கடலிலேயே வளர்ந்தவர். அம்மா நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல்லும் மிளகாயும் விளைகிற வீட்டுப் பெண், அய்யாவைக் கட்டிக்கொள்ள ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவளானாள். வேதத்தை ஏற்றுக்கொண்டவள் கடலை மட்டும் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் கணுக்காலுக்கு மேல் கடல்தண்ணீர் பட்டதில்லை. "கெணறுன்னா அடி எங்கன இருக்குன்னு தெரியும். இது என்னத்துல சேத்தி?" என்பாள். ஊர்ப் பெண்கள் அவளைக் கேலி செய்யாத நாளே கிடையாது.

அந்த டிசம்பர் மாதம் பிறந்த அன்றே புயல் வந்தது. மறுநாள்தான் வரும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள், அதற்கு அவசரம்போல. கடலுக்குப் போயிருந்த ஐந்து வள்ளங்களில் நான்கு அடித்துப்பிடித்துக் கரை சேர்ந்துவிட்டன. அய்யாவும் இன்னும் இரண்டு பேரும் போன வள்ளம் வரவில்லை. அவர் போனுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொன்னாள். அம்மா அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள், எப்போதாவது அந்தப் பெண் மனம் மாறுவாள் என்பதுபோல.

இரண்டாம் தேதி அம்மா படுத்த பாயிலிருந்து எழவில்லை. சாயங்காலம் கோவிலில் செபம் என்றார்கள். என்னை மட்டும் சித்தியோடு அனுப்பினாள். கோவிலில் கரண்ட் இல்லை. வெளியே ஜெனரேட்டர் உறுமியது, கூரையில் மழை கொட்டியது. பூசை வைக்கிற சாமியார் மண்டபத்திலிருந்து வர வழியில்லாமல், கோவிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியாரே செபம் நடத்தினார். அவருக்கு முன்பல் இரண்டு கிடையாது. வேதப் புத்தகத்தைப் பிரித்து மைக்கைக் கடிக்கிற மாதிரி பிடித்து வாசித்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒரு சொல் மட்டும் மூன்று முறை வந்தது, மூன்று முறையும் நன்றாகவே கேட்டது. கடவுள் தேதி சொல்லிவிட்டார்! சுற்றிலும் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

"ஏம்மா, எந்திரி! அய்யா அஞ்சாந்தேதி வாராக. சாமி சொல்லிட்டாரு!"

அம்மா என்னையே பார்த்தாள். "யாரு சொன்னா?"

"சாமிதான். மைக்கிலயே சொன்னாரு. ஒரு தடவ இல்லம்மா, மூணு தடவ."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்தாள். என் தலையைத் துவட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக எங்கள் வீட்டில் சோறு வெந்தது. மூன்று வாய் தின்றதும் எனக்குத் திமிர் வந்துவிட்டது. மறுநாள் காலைக்குள் ஊரில் ஒரு வீடு விடாமல் போய் அஞ்சாந்தேதியைச் சொல்லிவிட்டு வந்தேன். சில பேர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருவர்கூட என்னைத் திருத்தவில்லை.

அன்றே நயினார்கோவிலிலிருந்து மாமா வேன் பிடித்து வந்தார். அம்மாவுக்கு மூத்தவர். வந்ததும் பையிலிருந்து திருநீறு எடுத்து என் நெற்றி நிறையப் பூசினார். ஊர்ச் சாமிக்கு நேர்ந்துகொண்டு வந்திருந்தார்.

"கெளம்பு தங்கச்சி. புள்ளையத் தூக்கிக்கிட்டு நம்ம ஊருக்கு வா. இனி இங்கன என்ன இருக்கு?"

"ஒங்க சாமியும் தேடட்டும், எங்க சாமியும் தேடட்டும். அஞ்சாந்தேதி வரைக்கும் நான் நகர மாட்டேண்ணே."

"அதென்ன அஞ்சாந்தேதி?"

"ஒன் மருமகளக் கேளு."

நான் விவரமாக எடுத்துச் சொன்னேன். மாமா என் நெற்றியில் இன்னொரு தடவை திருநீற்றை அழுத்திப் பூசினார். அவருடைய சாமி ஒருநாளும் இப்படித் தேதி போட்டுச் சொன்னதில்லை, அதனால் மனுஷருக்குக் கொஞ்சம் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு அவரும் எங்களோடு தங்கிவிட்டார்.

நான்காம் தேதி உச்சிப்புளிப் பக்கமிருந்து ஹெலிகாப்டர் ஒன்று வந்து சுற்றியது. மேகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். ஐந்தாம் தேதி விடிந்தபோது மழை விட்டிருந்தது. பாம்பனில் புயல் கூண்டை இறக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஆனால் அலை மட்டும் ஆள் உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. ஆண்கள் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். சித்தப்பாவின் வள்ளம் தண்ணீரில் கட்டிக் கிடந்தது.

அம்மா அவரிடம் போய், "இன்னைக்கு அஞ்சாந்தேதி," என்றாள்.

"கடல் இன்னும் அடங்கல மதினி. நாளைக்குப் பாப்பமே."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஏறப் பார்த்து இரண்டு தடவை வழுக்கினாள். மூன்றாம் தடவை நெல் மூட்டை விழுகிற மாதிரி உள்ளே போய் விழுந்தாள். எழுந்து உட்கார்ந்தவளின் உடம்பு வெடவெடவென்று ஆடுவது கரையிலிருந்தே தெரிந்தது.

"எனக்கு இந்த இஞ்சின ஸ்டார்ட் பண்ணத் தெரியாது. யாராச்சும் வந்து பண்ணிக் குடுத்துட்டு எறங்கிக்கங்க. நான் போயிக்கிறேன்!"

மாமா பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏலே, அவ கம்மாயில எறங்கவே பயப்படுவாளேடா!"

சித்தப்பா தோள் துண்டை உதறித் தலையில் கட்டினார். "எந்திரிங்கடா," என்றார். அவ்வளவுதான். நான்கு வள்ளங்களும் கிளம்பின. அம்மாவை இறங்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் விளிம்பை விடவில்லை. முதல் அலையிலேயே வாந்தி எடுக்க ஆரம்பித்தாள் என்று சித்தப்பா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வாந்திக்கு நடுவில் சத்தமாக அருள் நிறை மரியே சொல்லிக்கொண்டே போனாளாம்.

மதியம் தாண்டி மேற்கே புள்ளிகள் தெரிந்தன. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவதன் பின்னால், கயிற்றில் கட்டி இழுத்துவர, ஐந்து! மேற்கே ஆளில்லாத் தீவு ஒன்றின் பாறையில் மோதி வள்ளத்தின் இஞ்சின் உடைந்திருந்தது. மூன்று பேரும் மணலில் கிடந்திருக்கிறார்கள். ஐஸ் பெட்டியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் முந்தின நாளே தீர்ந்துவிட்டதாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தார்கள், என்னைப் பார்த்ததும் முடிக்காமல் விட்டுவிட்டார்கள்.

கரையில் கூச்சல் தாங்கவில்லை. யாரோ கிறிஸ்துமசுக்கு வாங்கி வைத்திருந்த வெடியைக் கொளுத்தினார்கள். மாமா நெற்றி நிறையத் திருநீறோடு ஓடிப்போய் அந்தோணியார் கோவில் மணியின் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அடித்தார். யாரும் தடுக்கவில்லை, தடுத்தாலும் விட்டிருக்கமாட்டார். அம்மா சேலையெல்லாம் உப்பாக, அய்யாவைத் தாங்கிப் பிடித்து இறங்கினாள். "நாலு நாளா எங்கன போனீக?" என்று திட்டிக்கொண்டே இறங்கினாள். அய்யா அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசை முடிந்ததும் நான் உபதேசியாரிடம் போய், என் அரையாண்டுப் பரீட்சை பற்றி சாமி ஏதாவது தேதி சொன்னாரா என்று விசாரித்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழைய கதையைச் சொன்னேன். பொக்கை வாய் தெரியச் சிரித்தார்.

"அட கழுத, அது தேதி இல்ல. அஞ்சாதே. பயப்படாதன்னு அர்த்தம்."

எங்கள் வீட்டில் பயப்படாத என்றுதான் சொல்வோம். அஞ்சாதே என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை. கடவுள் பெயரில் ஊர் முழுக்கப் பொய் சொல்லியிருக்கிறேன்! அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"நான் சொன்னதக் கேட்டுத்தானம்மா நீ வள்ளத்துல ஏறுன?"

"சாமி சொன்னத நானுந்தாண்டி கேட்டேன். அழுவாத, போ."

எனக்கு உயிர் வந்தது. அம்மாவின் காதிலும் அப்படித்தான் விழுந்திருக்கிறது, தப்பு என்னுடையது மட்டும் இல்லை என்று நிம்மதியாக விளையாடப் போனேன்.

கோவிலின் குழாய் ஸ்பீக்கர் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே கட்டியிருந்தது என்பதையும், அம்மா பத்தாவது வரை படித்தவள், பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பரிசு வாங்கியவள் என்பதையும் நான் சேர்த்துவைத்து யோசிக்கப் பல வருஷம் ஆயிற்று. பாயில் படுத்தபடி அவள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். நான் கொண்டுபோன தேதியைக் கரையில் உட்கார்ந்திருந்த ஆண்களைக் கிளப்ப எடுத்துக்கொண்டாள். எனக்காவது அய்யா வருவார் என்று ஒரு தேதி கையில் இருந்தது. அவள் கேட்ட சொல்லில் அவர் வருவார் என்று எங்குமே இல்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டுதான் அம்மா கடலில் இறங்கியிருக்கிறாள்.