கவட்டில் கட்டிய நெறி

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் மறித்து உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள். அத்தனை பேர் தடவியும் என் கணவர் ஒளித்து வைத்திருந்ததை ஒருவரும் பிடிக்கவில்லை. அவர் உடுத்த சாரத்தைத் தோய்க்கும்போது இரத்தக்கறையைக் கண்டு நான்தான் பிடித்தேன். ஆண்குறியின் நுனித்தோலுக்குள் ஆறாத புண். வெட்கத்தில் மாதக்கணக்காக மூடி வைத்திருந்தார் மனிதர். வந்த கோபத்தில் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

புண்ணில் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அக்கம்பக்கத்தில் ஹேர்ணியா என்று சொல்லி வைத்தோம். அவர்களும் பாரம் தூக்காதீர்கள் என்று ஆளுக்காள் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

சோதனை மறுமொழி வந்தது. புற்றுநோய்தான். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க, டொக்டர் அவரைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்தார். நான் வெளியே இருந்தேன். டொக்டரின் குரல் கேட்டது.

"வலது கவட்டில நெறி கட்டியிருக்கு. போனமுறை இருக்கேல்லையே. அங்க பரவியிருந்தா சின்ன ஒப்பரேஷனோட முடியாது."

எனக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது.

"டொக்டர், இவர் நொண்டி நொண்டித்தான் நடக்கிறார். கேட்டா சப்பாத்து கடிக்குதாம்."

காற்சட்டையைக் கழற்றியவர் சப்பாத்தைக் கழற்றாமலே படுத்திருந்திருக்கிறார். கழற்றினால் உள்ளங்காலில் சீழ். நோய் மாற வேண்டுமென்று நேர்த்தி வைத்து, எனக்குச் சொல்லாமல், வெள்ளவத்தையிலிருந்து நகரின் மறுகோடியில் உள்ள கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்திருக்கிறார். வழியில் ஒரு ஆமிக்காரன்கூட, "அய்யே, செரெப்பு கோ?" என்று சிங்களத்தில் செருப்பு எங்கே என விசாரித்தானாம். அவனுக்கு இருந்த அறிவு இவருக்கு இல்லை.

டொக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "காற்புண்ணாலயும் நெறி கட்டும். ஆனா அதாலதான் எண்டு இப்ப சொல்லேலாது. குளிசை தாறன். கால் ஆறட்டும், திரும்பப் பாப்பம்."

தினமும் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு அந்தக் காலைக் கழுவினேன். கழுவி முடியும்வரை திட்டினேன். பயத்தில் வாய் ஓயவில்லை.

கால் ஆறியதும் ஸ்கானும் எடுத்தார்கள். மறுபடி அதே திரை. உள்ளிருந்து டொக்டரின் குரல் வந்தது.

"நெறி வத்திப்போச்சு. ஸ்கானிலயும் ஒண்டுமில்லை. முதல் கட்டம்தான். சின்ன ஒப்பரேஷனோட முடிஞ்சிடும்."

நான் விம்மி விம்மி அழுதுவிட்டேன். திரைக்குள்ளிருந்து அவர் சொன்னார்:

"இஞ்சரும், அழாதையும். நேர்த்தி பலிச்சிட்டுது. சுகமானதும் இன்னொருக்கா நடக்கவேணும்."

"நடவுங்கோ, நானும் வாறன்," என்றேன். "சப்பாத்தோட."