மருத்துவர் கேட்ட கூட்டம்

இதை பிரவுசிங் சென்டரில் இருந்து நம்மைப் போன்றவர்களுக்கான மெயில் குழுவுக்கு அடிக்கிறேன்.

எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும், வீட்டில் பெண் பார்ப்பதால் தூக்கமே வருவதில்லை என்று இன்று காலை கோவையில் ஒரு மனநல மருத்துவரிடம் சொன்னேன். வாய் திறந்து சொன்னது இதுவே முதல்முறை.

"இது நோயில்லைன்னு வெளிநாட்டுல சொல்லிப்போட்டாங்க. நம்மூருக்கு அது ஒத்து வராதுங்க. கண்ணாலம் பண்ணுனாச் சரியாப்போயிரும்," என்றார்.

பேனாவை மூடினார். "காங்கேயத்துல என்ற தம்பி பொண்ணு கண்ணாலத்துக்கு இருக்குது. நீங்க எந்தக் கூட்டமுங்க?"

சாதிக்குள் எங்கள் குலப்பிரிவு எது என்று சொன்னேன். அவருடைய கூட்டமேதான்.

"அட, பங்காளிங்களா! அப்பப் பொண்ணு குடுக்க முடியாதுங்களே. சீட்டுல ஊட்டு போன் நம்பர் இருக்குது, உங்க அப்பாகிட்ட நானே பேசி வேற எடம் பாக்கச் சொல்றேனுங்க."

அந்தச் சம்பந்தத்தில் அவர் கண்ட ஒரே குறை, கூட்டம்.

கூட்டம் கேட்காத மனநல மருத்துவர் யாராவது தெரிந்தால் எழுதுங்கள். எங்கள் வீட்டு போன் அடிப்பதற்குள்.