மார்த்தா கொண்டுவந்த தவிட்டுக் கஞ்சி

ஏரம்பமூர்த்திக்குக் கிராணி வேலை போய் இரண்டு வருடமாயிற்று. கிராணித்தனம் மட்டும் போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளைக்காரன் காலத்தில் பினாங்கு துறைமுக அலுவலகத்தில் மேசை நாற்காலியோடு குமாஸ்தாவாக இருந்தவர். ஜப்பான்காரன் வந்தபின் டத்தோ கிராமட் ரோட்டு வீட்டின் பின்புறம் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார். மண்வெட்டி பிடிக்கப் போகும்போதும் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொள்வார். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

மூன்று வேளையும் மரவள்ளியே தின்றதில் அவர் மனைவி செல்வநாயகிக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பிறகு படுத்த படுக்கையாகிவிட்டாள்.

அடுத்த வீட்டு மார்த்தா, மூட்டை தூக்கும் மைக்கேலின் மனைவி. மைக்கேலுக்கு அரிசி ஆலையில் கூலியோடு கொஞ்சம் தவிடும் கிடைக்கும். அதைச் சலித்து, வறுத்து, கஞ்சி காய்ச்சிக்கொண்டு தினமும் காலையில் பின்கதவில் வந்து நிற்பாள். ஏரம்பமூர்த்தியின் மகள் தவமணி ரேஷன் வரிசைக்குப் போயிருக்கும் நேரம் அது.

"கிராணி ஐயா, அம்மாவுக்கு சூடா குடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு இதுலதான் கால் வீக்கம் வத்துச்சு."

"சரி பிள்ளை" என்று வாங்கிக்கொள்வார். அவள் தலை மறைந்ததும் கோழிகளுக்கு ஊற்றிவிடுவார். தவிடு! அதுவும் கூலிக்காரர் வீட்டுத் தவிடு! யாழ்ப்பாணத்தில் நாலு பேர் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்கள்? யாழ்ப்பாணத்துக்குக் கடிதமே போகாத காலம். ஆனாலும் மனிதர் அந்த நாலு பேருக்குப் பயந்தார். பாத்திரத்தைப் பளிச்சென்று கழுவித் திருப்பிக் கொடுப்பதில் மட்டும் குறை வைக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, பின்னுக்கு ஆர் கதைச்சது?" என்று அறையிலிருந்து செல்வநாயகி கேட்பாள்.

"ஒருத்தருமில்லை."

மூன்று வாரம் இப்படியே போயிற்று. ஒருநாள் அவள் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்: "இவ்வளவு நாளாப் படுத்திருக்கிறன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருக்காலும் எட்டிப் பாக்கேல்லையே. நான் அவளுக்கு என்ன குறை விட்டனான்?"

அவர் அவள் போர்வையை இழுத்துவிட்டு வெளியே போய்விட்டார். மறுநாள் மதியம் அவள் போய்விட்டாள், யாருமே தன்னைத் தேடி வரவில்லை என்ற மனக்குறையோடு.

எட்டாம் நாள், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்த குலசேகரம் துக்கம் கேட்க வந்தார். தவமணியின் நடையைப் பார்த்து, அவளை உட்காரவைத்துக் கணுக்காலை அழுத்தினார். குழி விழுந்தது.

"அண்ணை, எங்களிட்டை மருந்து ஒண்டுமில்லை. எங்கையாவது தவிடு தேடிக் குடுங்கோ. தவிட்டுக் கஞ்சி குடிச்ச சனம் எழும்பி நடக்குது."

ஏரம்பமூர்த்தி பின்புறம் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளைப் பார்த்தார். செல்வநாயகியின் உயிரைத் தன் கையாலேயே அல்லவா நாள்தோறும் கோழிக்குக் கொட்டியிருக்கிறார்! கிராணி என்று இத்தனை காலம் தலையில் தூக்கி வைத்திருந்த அந்த ஆளை அவருக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்றே முதல்முறையாக மார்த்தாவின் வீட்டுப் படியேறினார். அவள் பதறிப்போய் எழுந்தாள்.

"மன்னிச்சிருங்க ஐயா. நான்தான் பக்குவம் தப்பா செஞ்சிட்டேன் போல. தூக்கமே வரல. அம்மா ஒருநாளாச்சும் நல்லாருக்குன்னு சொன்னாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மகளுக்குத் தவிடும் கிடைத்துவிடும், மானமும் தப்பிவிடும். ஆனால் அழுது அழுது வீங்கிய அந்த முகத்தை அன்றுதான் அவர் நேராகப் பார்த்தார். பொய் சொல்ல நா எழவில்லை.

"அவ குடிக்கேல்லை, தங்கச்சி. நான் குடுக்கேல்லை. நீ வந்தனி எண்டுகூடச் சொல்லேல்லை. எல்லாத்தையும் கோழிக்கு ஊத்தினன். இப்ப தவமணிக்கும் கால் வீங்குது."

மார்த்தா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அழுதாள். அவரும் நின்றபடியே அழுதார். பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தவமணிய இங்க அனுப்புங்க. பக்கத்துல உக்காந்து நானே குடிக்க வைக்கிறேன். உங்க கையில குடுக்க மாட்டேன்."